பெரிய நாவல் பிடிக்காமல் போகும்போது

என் அக்கா மகள் கல்லூரியில் முதலாண்டு படிக்கிறாள். போன கோடை விடுமுறையில் நூலகத்திலிருந்து ஹெர்மன் மெல்வில் எழுதிய ‘மோபி டிக்’ நாவலை எடுத்து வந்தாள். உலகின் சிறந்த நாவல்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் அதில் இடம்பிடிக்கிற புத்தகம். பத்து நாள் கழித்து அதை என் மேஜையில் கொண்டுவந்து வைத்தாள்.

“மாமா, முப்பத்திரண்டாவது அத்தியாயத்தோட நிறுத்திட்டேன். திமிங்கிலத்தைத் துரத்துற கதைன்னு சொன்னாங்க. இவரு திமிங்கிலம் எத்தனை வகைன்னு பாடம் நடத்துறாரு. எனக்குத்தான் புரியலையா, இல்ல புத்தகமே இவ்வளவுதானா?”

வாசிக்கத் தொடங்கும் எல்லோருக்கும் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வி வருகிறது. பலர் அதை வெளியே கேட்பதில்லை. ஊரே கொண்டாடும் புத்தகம் பிடிக்கவில்லை என்று சொன்னால் நம் ரசனையைக் குறைவாக நினைப்பார்களோ என்ற கூச்சம். அவளுக்கு அன்று சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் ‘கிளாசிக்’ என்ற சொல். எந்தத் தலைமுறைக்காக எழுதப்பட்டதோ அந்தத் தலைமுறை போன பிறகும் அச்சில் இருக்கிற, படிக்கப்படுகிற, சண்டை போட்டுக்கொள்ளப்படுகிற நாவலைத்தான் கிளாசிக் என்கிறோம். இந்தப் பட்டத்தை யாரும் ஒரு மேடையில் வைத்துக் கொடுப்பதில்லை. ஒரு பேராசிரியர் பாடத்திட்டத்தில் சேர்க்கிறார். ஒரு விமர்சகர் அதன் மொழியைப் பற்றி எழுதுகிறார். ஒரு பதிப்பாளர் திரும்ப அச்சிடுகிறார். பின்னால் வந்த எழுத்தாளர் ஒருவர், நான் இதிலிருந்துதான் கற்றேன் என்கிறார். எங்கோ ஒரு வீட்டில் அப்பா தன் மகனுக்கு அதை வாசித்துக் காட்டுகிறார். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு காரணம். இப்படி ஐம்பது, நூறு ஆண்டுகள் போன பிறகு புத்தகம் நம் கைக்கு வரும்போது அந்தக் காரணங்கள் எல்லாம் உதிர்ந்து, ‘மகத்தான நாவல்’ என்ற ஒரு சொல் மட்டும் மிஞ்சியிருக்கிறது. எதற்காக மகத்தானது என்று அந்தச் சொல் சொல்வதில்லை. நாம் அதுவரை படித்து ரசித்த புத்தகங்களை வைத்து நாமாக ஒன்றை எதிர்பார்க்கிறோம். ஏமாற்றம் பெரும்பாலும் அங்கேதான் பிறக்கிறது.

‘மோபி டிக்’கையே எடுத்துக்கொள்வோம். அதில் 135 அத்தியாயங்கள், கடைசியில் ஒரு சிறு பின்னுரை. தன் காலைப் பறித்த வெள்ளைத் திமிங்கிலத்தைப் பழிவாங்கப் புறப்படும் கேப்டன் ஆகாப், கப்பலின் மேல்தளத்துக்கு வந்து முகம் காட்டுவதே 28ஆம் அத்தியாயத்தில்தான். அந்தத் திமிங்கிலம் நேரில் கண்ணில் படுவது 133இல். துரத்தல் கதை படிக்க வந்தவர் அதுவரை காத்திருக்க வேண்டும். இடையில் கயிறு, ஈட்டி, கொழுப்புக் காய்ச்சும் உலை, திமிங்கிலத்தின் நெற்றி, வால், எலும்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அத்தியாயம்.

என் அக்கா மகள் நின்றுபோன 32ஆம் அத்தியாயத்தில் கதைசொல்லி இஷ்மாயில், திமிங்கிலங்களைப் புத்தக அளவுகளைப் போலப் பிரிக்கிறான்: பெரியவை ஃபோலியோ, நடுத்தரமானவை ஆக்டேவோ, சிறியவை டுவோடெசிமோ. எல்லாம் அச்சகத்துச் சொற்கள். திமிங்கிலம் மீன் இல்லை என்று உயிரியல் அறிஞர் லின்னேயஸ் எழுதியது தெரிந்தும், இல்லை, அது மீன்தான் என்று அடித்துச் சொல்கிறான். கடைசியில், கட்டி முடிக்காமல் உச்சியில் பாரந்தூக்கியோடு நிற்கும் கொலோன் தேவாலயத்தைப் போல என் வகைப்பாட்டையும் பாதியில் விடுகிறேன் என்று நிறுத்துகிறான். ஒரு மனிதன் தனக்குத் தெரிந்த எல்லா அறிவையும் கொண்டு ஒரு பிரம்மாண்டமான உயிரை அளக்கப் பார்த்து, முடியாமல் கைவிடுகிற இடம் இது. ஆகாப் ஈட்டியால் செய்ய நினைப்பதை இவன் சொற்களால் செய்து பார்க்கிறான். எனக்கு அது இந்த நாவலின் அழகான இடங்களில் ஒன்று. ஆனால் இது தெரியாமல் கதை எப்போது நகரும் என்று பக்கத்தைத் தள்ளுகிறவருக்கு அது உயிரியல் பாடமாகத்தான் தெரியும். அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை.

இந்த ஏமாற்றம் புதிதும் இல்லை. மெல்வில் 1841இல் திமிங்கில வேட்டைக் கப்பலில் வேலைக்குப் போனவர். தென்கடல் தீவு அனுபவத்தை வைத்து 1846இல் எழுதிய ‘டைப்பீ’ அவருக்கு நல்ல பெயர் வாங்கித் தந்தது. இன்னொரு கடல் சாகசம் வரும் என்று வாசகர்கள் காத்திருந்தார்கள். வந்தது ‘மோபி டிக்’. 1851 அக்டோபரில் லண்டனில் ‘திமிங்கிலம்’ என்ற பெயரில் மூன்று பாகங்களாக அது வெளியானபோது கடைசிப் பின்னுரை விடுபட்டுப்போனது. கதைசொல்லி எப்படி உயிர் தப்பினான் என்பது அந்தப் பின்னுரையில்தான் இருக்கிறது. கப்பலே மூழ்கிவிட்டால் இந்தக் கதையை யார் சொல்வது என்று அங்கே விமர்சகர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அடுத்த மாதம் நியூயார்க்கில் பின்னுரையோடு வந்தும் பெரிதாக விற்கவில்லை. 1891இல் அவர் சாகும்வரை, நாற்பது ஆண்டுகளில், மூவாயிரத்துச் சொச்சம் பிரதிகள்தான் போயின. 1866இலிருந்து 19 ஆண்டுகள் நியூயார்க் துறைமுகத்தில் சுங்க ஆய்வாளராக வேலை பார்த்துத்தான் குடும்பத்தை நடத்தினார்.

அவருடைய நூற்றாண்டு 1919இல் வந்தது. 1921இல் ரேமண்ட் வீவர் அவர் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். முதல் உலகப் போர் முடிந்திருந்த காலம். கதையின் பழைய கட்டுக்கோப்பை உடைத்து எழுதும் நாவல்கள் வரத் தொடங்கியிருந்தன. ஜேம்ஸ் ஜாய்ஸின் ‘யுலிசிஸ்’ 1922இல் வந்தது. எழுபது ஆண்டுகளுக்கு முன்னால் குழப்பமாகத் தெரிந்த அதே புத்தகம் அந்தப் புதிய வாசகர்களுக்குத் துணிச்சலாகத் தெரிந்தது. அதில் ஓர் எழுத்தும் மாறவில்லை, படிக்க வந்தவர்களின் எதிர்பார்ப்புதான் மாறியிருந்தது. அதனால்தான் ஒரு நாவலை ‘அளவுக்கு மீறிப் புகழப்பட்டது’ என்று யாராவது சொன்னால், எந்த அளவுகோலை வைத்துச் சொல்கிறார் என்று கேட்கத் தோன்றுகிறது.

சரி, நம் ஊருக்கு வருவோம். தமிழில் இதே ஏமாற்றம் வேறு இரண்டு வழிகளில் வருகிறது.

ஒன்று, ‘முதல்’ என்ற சொல்லால் வருவது. மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879இல் அச்சானது. தமிழின் முதல் நாவல் என்று எல்லாப் பாடநூலும் சொல்கிறது. அந்தப் பெயருக்காக அதை எடுக்கிறவர் நல்ல நாவலை எதிர்பார்த்து எடுக்கிறார். உள்ளே போனால் கதைக்குள் கதை, கிளைக்கதை, நீதி உபதேசம், அப்புறம் இன்னொரு கிளைக்கதை. பாத்திரங்கள் எல்லோரும் ஒரே மாதிரிப் பேசுகிறார்கள். நாலு அத்தியாயத்தில் அலுத்துவிடுகிறது.

‘முதல்’ என்பது காலத்தைக் குறிக்கும் சொல், தரத்தைக் குறிப்பதில்லை. வேதநாயகம் பிள்ளை எழுதியபோது தமிழ் உரைநடைக்கு ஒரு நீண்ட கதையை எப்படித் தாங்குவது என்றே தெரியாது. உரைநடை நூல்கள் இல்லாத குறையைப் போக்கத்தான் எழுதுகிறேன் என்று முன்னுரையில் அவரே சொல்கிறார். அவர் முனிசீப்பாக, அதாவது கீழ்க்கோர்ட் நீதிபதியாக இருந்தவர். தமிழர்கள் வாழும் ஊரில், தமிழ் தெரிந்த நீதிபதி முன்னால், தமிழ் வக்கீல்கள் வழக்காடுகிறவர்களுக்குப் புரியாத இங்கிலீஷில் வாதாடுவதைப் பற்றி நாவலுக்குள் அவர் கொதிக்கும் இடம் வரும்போது, நூற்றுநாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு மனிதரின் குரல் நேரே காதில் விழுகிறது. நாயகி ஞானாம்பாள் ஆண் வேடத்தில் நாட்டையே ஆளுகிறாள். பெண்கள் படிக்க வேண்டும் என்று பேசியதற்கே எதிர்ப்பு இருந்த காலத்தில் எழுதியது இது. இந்த நாவலுக்குள் போக வேண்டிய வாசல் இதுதான் என்பது என் எண்ணம். விறுவிறுப்பைத் தேடிப் போனால் ஏமாற்றம் நிச்சயம்.

இதைப் படித்த கையோடு ராஜமய்யரின் ‘கமலாம்பாள் சரித்திர’த்தையும் படித்துப் பாருங்கள். ‘விவேக சிந்தாமணி’ இதழில் 1893 முதல் 1895 வரை தொடராக வந்தது. இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த ஓர் இளைஞர் எழுதியது. பதினைந்தே ஆண்டுகளில் தமிழ் நாவல் எவ்வளவு தூரம் வந்துவிட்டது என்று ஆச்சரியமாக இருக்கும். ஊர்ப் பெண்களின் வம்புப்பேச்சு அப்படியே உயிரோடு இருக்கிறது. ஆனால் பின்பாதி வேதாந்தத்துக்குள் போய்விடுகிறது. அங்கே எனக்கும் ஆர்வம் தளர்ந்தது என்பதை மறைக்கவில்லை.

இரண்டாவது வழி, நாவல் எந்த வடிவத்தில் முதலில் வந்தது என்பதை மறந்துவிட்டுப் படிப்பது. இதற்குப் ‘பொன்னியின் செல்வ’னை விட நல்ல உதாரணம் இல்லை. 1950 அக்டோபரில் ‘கல்கி’ இதழில் தொடங்கி மூன்றரை ஆண்டுக்கு மேல் வாரா வாரம் வந்த தொடர் அது. மணியத்தின் ஓவியங்களோடு வந்த பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, பைண்டு செய்து வைத்துக்கொண்ட குடும்பங்கள் ஏராளம். இன்று நாம் ஐந்து பாகங்களையும் அடுக்கி வைத்து ஒரே மூச்சில் படிக்கிறோம். 2022, 2023இல் மணிரத்னத்தின் படங்களைப் பார்த்துவிட்டு முதல்முறையாக எடுத்தவர்களும் நிறைய.

அப்படிப் படிக்கும்போது சில விஷயங்கள் உறுத்தும். அத்தியாயத்துக்கு அத்தியாயம் யாராவது மறைந்திருந்து ஒட்டுக்கேட்கிறார்கள். நமக்கு ஏற்கெனவே தெரிந்ததை ஒரு பாத்திரம் இன்னொரு பாத்திரத்துக்கு மறுபடி சொல்கிறது. எதிர்பாராத சந்திப்புகள் தொடர்ந்து நடக்கின்றன. ஒவ்வொரு முடிவிலும் ஒரு திடுக்கிடல். வாரம் ஒருமுறை படித்தவருக்கு மறுபடி சொல்வது தேவையாக இருந்தது, போன வாரத்தை நினைவுபடுத்தியது. அந்தத் திடுக்கிடல்தான் அடுத்த இதழ் வரும்வரை வீட்டில் பேச்சாக இருந்தது. ஆடிப் பதினெட்டில் வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வரும் அந்தத் தொடக்கம் எத்தனையோ பேருக்கு இன்றும் மனப்பாடம். அதன் வேகத்துக்கு ஏற்ப, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று அத்தியாயம் என்று படித்தவர்களுக்கு அது வேறு புத்தகமாகத் தெரிந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

முடிவில் ஏமாந்தவர்களும் அன்றே இருந்தார்கள். தொடர் சட்டென்று முடிந்துவிட்டது, இன்னாருக்கு என்ன ஆயிற்று, அவர்கள் கல்யாணம் நடந்ததா என்று வாசகர்கள் கேட்க, கல்கி ஒரு முடிவுரையே எழுதிப் பதில் சொன்னார். அது இப்போதும் ஐந்தாம் பாகத்தின் கடைசியில் இருக்கிறது. சரித்திர நாவலை முழுக் கற்பனைக் கதையைப் போல எல்லா முடிச்சையும் அவிழ்த்து முடிக்க முடியாது என்பது அவர் பக்கத்து விளக்கம். தமிழின் மிகப் புகழ்பெற்ற நாவலை எழுதியவரே வாசகரின் ஏமாற்றத்தை மதித்து உட்கார்ந்து பதில் எழுதியிருக்கிறார். அந்தப் பக்கங்கள் எனக்கு மிகவும் பிடிக்கும்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். தமிழில் கிளாசிக் என்ற பெயரை இரண்டு தரப்பு தருகிறது. ‘பொன்னியின் செல்வ’னுக்கு அதைத் தந்தது மக்கள். விமர்சகர் க.நா.சு.வின் (க.நா. சுப்ரமண்யம்) வழியில் வந்த சிறுபத்திரிகை விமர்சகர்கள் பலர் கல்கியை வெகுஜன எழுத்தாளராகவே வைத்தார்கள். அவர்கள் முன்வைத்த நாவல்கள் வேறு: தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’, சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’ போன்றவை. கல்கியிலிருந்து நேரே அங்கே போகிறவர், கதை எங்கே என்று தேடுவார். அங்கிருந்து கல்கிக்கு வருகிறவர், மனிதர்களின் உள்மனம் எங்கே என்று தேடுவார். இரண்டு பேரும் சொல்வது உண்மைதான். ஒன்றில் கிடைப்பதை இன்னொன்றில் கேட்கிறார்கள்.

இதையே நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு பெரிய நாவலாசிரியரே செய்திருக்கிறார். ‘ஜேன் ஐயர்’ எழுதிய சார்லட் பிராண்டி 1848 வரை ஜேன் ஆஸ்டினின் ‘பிரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்’ நாவலைப் படித்ததில்லை. விமர்சகர் ஜார்ஜ் ஹென்றி லூயிஸ் ஆஸ்டினைப் புகழ்ந்து எழுதவே, புத்தகத்தை வரவழைத்துப் படித்தார். பிடிக்கவில்லை. லூயிஸுக்கு எழுதிய பதிலில், கவனமாக வேலி போட்டு ஒழுங்காக வளர்த்த ஒரு தோட்டத்தைத்தான் அதில் கண்டேன், திறந்த வெளியும் நல்ல காற்றும் நீலக் குன்றும் ஓடையும் இல்லை என்கிறார். அந்த நாகரிகமான, நெருக்கமான வீடுகளில் வாழ எனக்கு விருப்பமில்லை என்றும் சொல்கிறார்.

யார்க்‌ஷயரில் காற்று வீசும் மூர் என்ற தரிசு மேட்டுநிலத்தின் ஓரம் வளர்ந்தவர் அவர். மனதின் கொந்தளிப்பைத்தான் நாவலில் தேடினார். ஆஸ்டினோ ஒரு வரவேற்பறையில் நாலு பேர் பேசும் பேச்சுக்குள் மனிதர்களின் கர்வத்தையும் அசட்டுத்தனத்தையும் காட்டுகிறவர். பிராண்டி பார்த்த வேலியும் ஒழுங்கும் ஆஸ்டினிடம் உண்மையாகவே இருக்கின்றன, அவற்றை நேசிக்கிறவர்களும் இருக்கிறார்கள். ‘லோலிடா’ எழுதிய நபக்கோவ், ரஷ்ய நாவலாசிரியர் தஸ்தயேவ்ஸ்கியைச் சாதாரண எழுத்தாளர் என்று வகுப்பில் பாடமே நடத்தினார். அதைக் கேட்டு யாரும் ‘கரமசோவ் சகோதரர்க’ளைத் தூக்கிப் போட்டுவிடவில்லை. ஆகவே உங்களுக்கு ஒரு பெரிய நாவல் பிடிக்கவில்லை என்றால் கூச்சப்பட ஒன்றுமில்லை. ஆனால் பிராண்டி செய்ததைச் செய்யுங்கள். எது இல்லாததால் பிடிக்கவில்லை என்று தெளிவாகச் சொல்லிப் பாருங்கள்.

‘போரடித்தது’ என்பது நம்மைப் பற்றிய செய்தி. ‘ஒட்டுக்கேட்கும் காட்சிகள் அளவுக்கு மீறி வருகின்றன’ என்பது புத்தகத்தைப் பற்றிய செய்தி, அதைப் புத்தகத்தைத் திறந்து வைத்து விவாதிக்கலாம். ‘புரியவில்லை’ என்பது மூன்றாவது வகை, அதற்குப் பெரும்பாலும் எளிய மருந்து உண்டு. பெரிய நாவல்களிலும் உண்மையான குறைகள் இருக்கின்றன. ‘மோபி டிக்’கில் இஷ்மாயில் பாதிக்குமேல் எங்கே போனான் என்றே தெரியாது. ஆகாப் அறையில் தனியாக இருந்து தனக்குள் பேசுவதை அவன் எப்படிக் கேட்டான் என்பதற்கும் பதில் இல்லை.

எளிய மருந்து என்றேனே, அதற்கு ரஷ்ய நாவல்கள் நல்ல உதாரணம். தஸ்தயேவ்ஸ்கியின் ‘குற்றமும் தண்டனையும்’ பாதியில் நின்றுபோனவர்கள் பலரிடம் கேட்டிருக்கிறேன். முக்கால்வாசிப் பேர் சொல்வது பெயர்க்குழப்பம். ரஷ்யர்களுக்குச் சொந்தப் பெயர், அப்பாவின் பெயரிலிருந்து வரும் பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று உண்டு. மரியாதையாகக் கூப்பிடும்போது முதல் இரண்டையும் சேர்த்துச் சொல்வார்கள். வீட்டில் செல்லப்பெயர். ரஸ்கோல்னிகவ் என்பவன்தான் ரோதியன் ரொமானோவிச், அம்மாவுக்கு அவனே ரோத்யா. அவன் தங்கை அவ்தோத்யா ரொமானோவ்னாவும் துன்யாவும் ஒரே ஆள். அப்பா பெயர் ரொமான் என்பதால் மகனுக்கு ரொமானோவிச், மகளுக்கு ரொமானோவ்னா. இதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அட்டைக்குள் வைத்துக்கொண்டால் போதும், நூறு பக்கத்துக்குள் சீட்டு தேவைப்படாது.

மொழிபெயர்ப்பையும் பார்க்க வேண்டும். ஒரு ரஷ்ய நாவல் தமிழில் கரடுமுரடாக இருந்தால் தஸ்தயேவ்ஸ்கியைக் குறை சொல்வதற்கு முன்னால், அது முழுமையானதா, சுருக்கமா, யார் பெயர்த்தது என்று பாருங்கள். வாங்கும் முன் நடுவிலிருந்து இரண்டு பக்கம் படித்துப் பார்ப்பது என் பழக்கம். முதல் பக்கத்தை எல்லோரும் கவனமாக மொழிபெயர்த்துவிடுவார்கள்.

அப்புறம், ஒருவரின் மிகப்பெரிய நாவலிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. டால்ஸ்டாயிடம் ‘போரும் அமைதியும்’ மிரட்டினால், 1886இல் வந்த ‘இவான் இலியிச்சின் மரணம்’ ஒரு மாலையில் முடிந்துவிடும். மெல்விலிடமே 1853இல் வந்த ‘பார்ட்டில்பி’ இருக்கிறது. ஓர் அலுவலகத்தில் நகலெடுக்கும் எழுத்தர், சொன்ன வேலையைச் செய்ய விருப்பமில்லை என்று பணிவாகச் சொல்லிக்கொண்டே இருக்கும் கதை. ஓர் ஆசிரியரின் குரல் பழகிய பிறகு அவருடைய நீளம் அவ்வளவாக உறுத்தாது. அதன் பிறகும் நூறு பக்கம் போய் எதுவும் பிடிபடவில்லை என்றால் மூடி வைத்துவிடலாம். எந்தப் பக்கத்தில் நிறுத்தினேன், ஏன் என்று ஒரு வரி எழுதி வைத்துக்கொள்வேன். சில புத்தகங்களைப் பத்து ஆண்டு கழித்து அங்கிருந்தே தொடர்ந்திருக்கிறேன். சிலவற்றுக்குத் திரும்பவே இல்லை.

அக்கா மகளிடம் 32ஆம் அத்தியாயத்தைத் தாண்டிவிட்டு 87ஆம் அத்தியாயத்தை மட்டும் படித்துப் பார் என்று சொன்னேன். வேட்டைப் படகு ஒன்று ஒரு பெரிய திமிங்கிலக் கூட்டத்தின் நடுவில் சிக்கிக்கொள்ளும் இடம் அது. வெளி வட்டத்தில் ஒரே கலவரம். நடுவில் மட்டும் நீர் ஏரிபோல அசையாமல் இருக்கிறது. படகில் இருப்பவர்கள் குனிந்து பார்க்கிறார்கள். தெளிந்த நீருக்கடியில் தாய்த் திமிங்கிலங்கள் குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கின்றன. பால் குடிக்கும் கைக்குழந்தை வேறெங்கோ பார்ப்பதுபோல அந்தக் குட்டிகளும் மேலே பார்க்கின்றன. ஒரு குட்டி இன்னும் தொப்புள்கொடியோடு இருக்கிறது. அதைப் பார்த்த ஈட்டிக்காரன் குவீக்வெக், யாரோ ஈட்டி எறிந்த கயிறு என்று நினைத்துக் கத்துகிறான்.

மறுநாள் காலையில் போன் வந்தது. “மாமா, அந்தக் கயிறு...” என்று ஆரம்பித்தவள், அரை மணிநேரம் அதைப் பற்றியே பேசினாள். நூலகத்தில் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும் தேதியையும் தள்ளி வாங்கியிருக்கிறாள்.